இருவர் தொடுத்த இசை: விசுவநாதன் – இராமமூர்த்தி இணை பற்றிய ஒரு மதிப்பீடு

கலையைச் சுவைப்பது ஒன்று. கலைஞரை மதிப்பிடுவது மற்றொன்று. சுவைப்பதற்கு ஈரமுள்ள நெஞ்சம் போதும். மதிப்பிடுவதற்கோ சான்றும், அச்சான்றை எடைபோடும் நடுவுநிலையும் வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் நேரும் குழப்பத்தை நன்கு விளக்கவல்ல வழக்கொன்று தமிழ்த் திரையிசை உலகில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நிலவி வருகிறது. எம். எஸ். விசுவநாதன், டி. கே. இராமமூர்த்தி என்னும் இருவரும் இணைந்து அமைத்த இசையில் யார் பங்கு பெரிது என்பதே அவ்வழக்கு.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தை அறிந்தோர் இவ்வழக்கையும் அறிந்திருப்பர். ஒலித்தட்டும் ஒலிநாடாவும் விற்ற கடைகள் பல மறைந்துவிட்டன. பழைய இரயில்வே குடியிருப்புகள் பலவும் இன்றில்லை. ஆயினும் துன் சம்பந்தன் சாலையின் உணவகங்களில், மாலைத் தேநீர் வேளையில், பழைய பாடலொன்று ஒலிபெருக்கியில் எழுந்துவிட்டால் போதும். தலை நரைத்தோர் இரு கட்சியாகப் பிரிந்துவிடுவர். "இது இராமமூர்த்தி அண்ணனின் வில் பேசுகிறது" என்பார் ஒருவர். "மெட்டு இல்லாமல் வில் எதைப் பேசும்?" என்பார் மற்றவர். பிரிந்தவர்கள் பிரியாதிருந்தால், அன்றேல் விரைவிலேயே மீண்டும் கூடியிருந்தால், என்ற ஏக்கத்தோடு பேச்சு முடியும். மறுநாள் மீண்டும் தொடங்கும்.

இப்பேச்சை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளிவிடுதல் தகாது. மக்கள் தாமாகவே செய்யும் திறனாய்வு இது. அது எந்த நெறியில் நடக்கிறது என்பதை ஆராய்வது தமிழ் பயிற்றுவோர்க்கும் பயில்வோர்க்கும் பயனுடையதாகும்.

இணையின் வரலாறு

இராமமூர்த்தி 1922ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். வயலின் அவருக்குக் குலச்சொத்து. அவர்தம் பாட்டனார் மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை கருநாடக இசையுலகில் பெரும்பெயர் பெற்ற வயலின் கலைஞர். விசுவநாதன் 1928ஆம் ஆண்டு பாலக்காட்டுப் பகுதியில் எலப்புள்ளியில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்தவர். பட நிறுவனத்தில் சிற்றேவல் செய்து, எஸ். எம். சுப்பையா நாயுடுவின் நிழலில் தொழில் கற்றவர். ஒருவர் மரபு வழியே இசைக்குள் வந்தார். மற்றவர் வறுமை வழியே வந்தார். இருவரும் சந்தித்த இடம் சி. ஆர். சுப்பராமனின் இசைக்குழுவாகும்.

1952ஆம் ஆண்டு சுப்பராமன் இளவயதிலேயே காலமானார். அவர் முடிக்காது விட்ட படங்களின் பணியை இவ்விருவரும் ஏற்று நிறைவு செய்தனர். அதே ஆண்டு கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் இயக்கிய 'பணம்' படத்தில் இருவர் பெயரும் இணைந்து வெளிவந்தன. இந்தித் திரையுலகில் சங்கர் – ஜெய்கிஷன் என்னும் இணை புகழுடன் விளங்கிய காலம் அது. தமிழில் அத்தகைய இணை வேரூன்றியது இவர்களால்தான். ஆறாண்டு மூத்தவரான இராமமூர்த்தியின் பெயர் பின்னும், இளையவரான விசுவநாதனின் பெயர் முன்னுமாக அமைந்தது குறிப்பிடத்தக்கது. பெயர் வரிசையைப் பெருமையின் வரிசையாக அவ்விருவரும் கொள்ளவில்லை என்பதற்குப் பதின்மூன்று ஆண்டுக்கால உழைப்பே சான்று.

1963ஆம் ஆண்டு சென்னையில் நடந்த விழாவில் 'மெல்லிசை மன்னர்கள்' என்னும் பட்டம் இருவருக்கும் சேர்த்தே வழங்கப்பெற்றது. 1965ஆம் ஆண்டு 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு இருவரும் பிரிந்தனர். முப்பது ஆண்டுகள் கழித்து, 1995ஆம் ஆண்டு 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்காக மீண்டும் இணைந்தனர்.

மலாயாத் தமிழரும் இவ்விசையும்

இவ்விசை இந்நாட்டுத் தமிழர் நெஞ்சில் ஆழ இறங்கியதற்குக் காலமும் ஒரு காரணமாகும். 1952 முதல் 1965 வரையிலான ஆண்டுகள் மலாயாத் தமிழருக்கு மாற்றமும் கலக்கமும் நிறைந்தவை. நாடு 1957இல் விடுதலை பெற்றது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. வேலையோடு வீட்டையும் இழந்த குடும்பங்கள் பல. தொழிலாளர் தம் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்குவதற்கென 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கினார். அவர் பெயரையே பிரிக்பீல்ட்ஸின் முதன்மைச் சாலை இன்று தாங்கி நிற்கிறது.

அந்த ஆண்டுகளில்தான் 'பாகப்பிரிவினை' (1959), 'பாசமலர்' (1961), 'பாலும் பழமும்' (1961), 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) ஆகிய படங்களின் பாடல்கள் வானொலியின் தமிழ்ப் பகுதி வழியாகவும், கோயில் திருவிழா ஒலிபெருக்கி வழியாகவும் தோட்டப்புறங்களை எட்டின. குடும்பம் பிரிவதும், உடன்பிறந்தார் வாடுவதும், இழந்ததை எண்ணி ஏங்குவதும் அப்பாடல்களின் பொருளாயிருந்தன. கேட்டோர் வாழ்வும் அவ்வாறே இருந்தது. ஆதலால், அவ்விசையை அமைத்தோரின் பிரிவைத் தம் வீட்டுப் பிரிவாகவே அவர்கள் கருதினர் எனலாம். சுவைஞரின் வாதத்தில் காணும் வெம்மைக்கு இதுவே அடிப்படை.

இரு கட்சிகளின் வாதம்

இராமமூர்த்தியின் பக்கம் நிற்போர் கூறுவது இது: இணையின் இசையில் காணும் கருநாடக இசைச் செறிவும், நரம்பிசைக் கருவிகளின் இழைவும் அவர் தந்தவை. பிரிவுக்குப் பின் விசுவநாதனின் இசையில் மெருகு இருந்தது, ஆழம் குறைந்தது.

விசுவநாதனின் பக்கம் நிற்போர் கூறுவது வேறு: மெட்டுகள் அவர் நெஞ்சில் ஊற்றெடுத்தவை. இராமமூர்த்தி அவற்றை வாத்தியக் குழுவுக்குப் பகிர்ந்தளித்தவர் மட்டுமே. பிரிவுக்குப் பின் விசுவநாதன் பல நூறு படங்களுக்கு இசையமைத்தார். இராமமூர்த்தி தனித்து அமைத்த படங்கள் இருபதைக்கூடத் தொடவில்லை. எண்ணிக்கையே தீர்ப்பு.

இவ்விரு வாதங்களும் கேட்பதற்கு வலிமையுடையனவாகத் தோன்றும். ஆராய்ந்தால் இரண்டுமே தளர்ந்துவிடுகின்றன.

முதல் வாதத்தை 1975ஆம் ஆண்டு வெளிவந்த 'அபூர்வ ராகங்கள்' மறுக்கிறது. அரிய இராகங்களைத் திரைப்பாடலின் எளிமைக்குள் அடக்கிக் காட்டிய அப்படத்தின் இசை விசுவநாதன் தனித்து அமைத்ததே. தமிழ்நாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மோகன இராகத்தில் மெட்டமைத்தவரும் அவரே. மரபிசை அவருக்கு அயலானது என்று கூறுதல் பொருந்தாது. நான்காண்டு கழித்து வந்த 'நினைத்தாலே இனிக்கும்' படம் சிங்கப்பூருக்குச் செல்லும் இளைஞர் இசைக்குழுவின் கதை. அதில் மேலை இசையின் துள்ளலை ஐம்பது வயதில் அவர் கையாண்ட பாங்கு, அவர்தம் கற்பனை ஒரு துறையில் தேங்கிவிடவில்லை என்பதைக் காட்டுகிறது.

இரண்டாம் வாதத்தை இராமமூர்த்தியின் தனிப்படங்கள் மறுக்கின்றன. 'மறக்க முடியுமா' (1966), 'தேன் மழை' (1966), 'நான்' (1967), 'தங்கச் சுரங்கம்' (1969) ஆகியவற்றின் பாடல்களைக் கேட்போர், அவற்றை அமைத்தவர் மெட்டறியாதவர் என்று துணிந்து கூறமாட்டார். எண்ணிக்கை பற்றிய வாதமும் நிற்காது. பிரிவு இருவருக்கும் ஒரே வகையில் நேரவில்லை. முன்னணி நடிகர்களின் படங்களும், கவிஞர் கண்ணதாசனோடு இணைந்த பணியும் பெரும்பாலும் விசுவநாதனிடமே தொடர்ந்தன. மூத்தவரோ டி. ஆர். இராமண்ணா போன்ற சிலரின் துணையோடு புதிதாகக் கடை விரிக்க வேண்டியிருந்தது. வாய்ப்பின் அளவைத் திறமையின் அளவாகக் கொள்ளுதல் தவறு. ஒரே பாடலை மட்டும் பாடிச் சென்ற சங்கப் புலவர்கள் பலர் உளர். பாடலின் எண்ணிக்கை கொண்டு அவர்களை எவரும் தாழ்த்துவதில்லை.

உழைப்பின் இயல்பு

இருவர் பங்கையும் பிரித்தறிய முயல்வோர் மறந்துவிடும் செய்தி ஒன்றுண்டு. அக்காலத்தில் திரைப்பாடல் எவ்வாறு உருவானது என்பதே அது.

இயக்குநர் கதைச்சூழலைக் கூறுவார். ஆர்மோனியத்தின் முன் மெட்டு பிறக்கும். கவிஞர் சொல் தருவார். சொல்லுக்கேற்ப மெட்டு வளையும். சில வேளைகளில் மெட்டுக்கேற்பச் சொல் மாறும். பின்னர் முன்னிசையும் இடையிசையும் அமைக்கப்படும். பாடகரும் வாத்தியக் கலைஞரும் ஒரே கூடத்தில் ஒரே வேளையில் இசைக்க, அது அப்படியே பதிவாகும். நடுவில் ஒருவர் பிழைத்தாலும் தொடக்கத்திலிருந்து மீண்டும் இசைக்க வேண்டும். ஆகவே ஒத்திகை நீண்டது. ஒத்திகையில் மெட்டு திருத்தப்பட்டது, இசைக்கோப்பும் திருத்தப்பட்டது. உதவியாளர்களான ஆர். கோவர்த்தனம், ஹென்றி டேனியல் முதலியோரின் உழைப்பும் அதனுள் கலந்தது.

இவ்வாறு நாள்தோறும் முகம்பார்த்து அமர்ந்து செய்த வேலையில், 'இது என்னுடையது, அது உன்னுடையது' என்ற வரப்பு எங்கே இருந்திருக்க முடியும்? 1964ஆம் ஆண்டு ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். 'கர்ணன்' வடநாட்டு இசையின் சாயலைப் பெற்றது. 'காதலிக்க நேரமில்லை' மேலைநாட்டுத் தாளத்தில் துள்ளியது. 'புதிய பறவை' பெரிய வாத்தியக் குழுவின் ஒலிப்பெருக்கைக் கதையின் மனக்கொந்தளிப்புக்குப் பயன்படுத்தியது. 'படகோட்டி' மீனவர் வாழ்வை எளிய மெட்டில் பாடியது. ஒன்றுக்கொன்று தொடர்பற்ற நான்கு இசையுலகங்கள் ஓராண்டுக்குள் ஒரே இணையிடமிருந்து வந்தன. கருநாடக இசையெல்லாம் மூத்தவர், மேலையிசையெல்லாம் இளையவர் என்று வகுப்போர், அப்பாடல்களில் மெட்டும் நரம்பிசையும் ஒன்றையொன்று தழுவிச் செல்லும் அழகை விளக்க இயலாமற் போகின்றனர். 'பாகப்பிரிவினை'க்கு இசையமைத்தவர்களின் சொத்தையே சுவைஞர்கள் பாகம் பிரிக்க முற்படுவதுதான் இவ்வழக்கின் விந்தை.

இரட்டைப் புலவர் காட்டும் நெறி

தமிழிலக்கியம் இதற்கொரு நல்ல முன்மாதிரியைத் தருகிறது. முதுசூரியர், இளஞ்சூரியர் என்னும் இரட்டைப் புலவர்களுள் ஒருவர் பார்வையற்றவர். மற்றவர் நடக்க இயலாதவர். நடக்க இயலாதவரைப் பார்வையற்றவர் தோளில் சுமக்க, சுமக்கப்பட்டவர் வழி காட்டினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. வெண்பாவின் முற்பகுதியை ஒருவர் பாட, பிற்பகுதியை மற்றவர் பாடி முடிப்பாராம். 'தில்லைக் கலம்பக'மும் 'ஏகாம்பரநாதர் உலா'வும் அவர்கள் தந்த செல்வங்கள்.

இங்கே பாட்டின் இணைப்பிடம் எது என்பதைக்கூட மரபு சொல்லி வைத்திருக்கிறது. இருந்தும், முற்பகுதி பாடியவர் பெரியவரா, பிற்பகுதி பாடியவர் பெரியவரா என்று பட்டிமன்றம் நடத்தியோர் இலர். தொடக்கம் இல்லாமல் முடிவு இல்லை. முடிவு இல்லாமல் தொடக்கம் பாட்டாகாது. இணைப்பிடம் தெரிந்த பாட்டிலேயே இக்கேள்வி பொருளற்றதாயின், இணைப்பிடமே தெரியாத இசையில் அது எவ்வாறு பொருளுடையதாகும்?

ஒப்பிடலே கூடாது என்பது இதன் கருத்தன்று. ஒவ்வொருவர் பங்கும் காதுக்குத் தனித்துக் கேட்குமிடத்தில் ஒப்பீடு முறையானதே. நம் நாட்டிலேயே அதற்கு எடுத்துக்காட்டு உண்டு. பினாங்கில் தோன்றி, 1970களில் ஹாங்காங்கில் பாடி, பின்பு மலாய்ப் பாடல்களால் நாடறிந்த 'அல்லிகேட்ஸ்' குழுவை டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் தமிழ்ச் சகோதரர்கள் நடத்தினர். இருவரும் பாடகர்கள். அண்ணன் குரல் இது, தம்பி குரல் இது என்று கேட்டவுடனே அறியலாம். அக்குரல்களின் இயல்பை ஒப்பிடுவதில் தவறில்லை. சான்று ஒலிப்பதிவிலேயே இருக்கிறது. சான்று இருக்குமிடத்தில் ஒப்பிடுவது திறனாய்வு. சான்று இல்லாத இடத்தில் ஒப்பிடுவது வெறும் சார்பு.

மீண்டும் இணைந்தபோது

இனி 1995ஆம் ஆண்டின் இணைவைக் காண்போம். முப்பதாண்டு ஏக்கம் நிறைவேறிய நாளென்று சுவைஞர் மகிழ்ந்தனர். ஆனால் 'எங்கிருந்தோ வந்தான்' பழைய புகழை மீட்டுத் தரவில்லை. பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களில் இன்றும் ஒலிப்பவை 1960களின் பாடல்களே. அந்த 1995ஆம் ஆண்டுப் படத்தின் பாடலை விரும்பிக் கேட்பார் அரியர்.

முதுமை திறனைக் குறைத்துவிட்டது என்பர் சிலர். பழைய கசப்பு அகலவில்லை என்பர் வேறு சிலர். இவ்விரண்டினும் பொருத்தமான விளக்கம் ஒன்றுண்டு. மீண்டும் இணைந்தவர்கள் இருவர் மட்டுமே. அவர்களைச் சூழ்ந்திருந்த உலகம் மீண்டும் வரவில்லை. கண்ணதாசன் 1981இலேயே மறைந்துவிட்டார். ஒரே கூடத்தில் அனைவரும் அமர்ந்து இசைத்த முறை அருகிவிட்டது. கணினியும் மின்னிசைக் கருவிகளும் ஒலிப்பதிவுக் கூடத்தை ஆண்டுகொண்டிருந்தன. இளையராஜாவின் காலம் ஒன்று எழுந்து நிலைத்திருந்தது. ஏ. ஆர். ரகுமானின் 'ரோஜா' (1992) இளைஞரின் செவியையே புதிதாக்கியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பதின்மூன்று ஆண்டுகள் அன்றாடம் கூடி உழைத்ததனால் உண்டான பழக்கம் ஒரு படத்துக்காகக் கூடியதனால் திரும்பிவிடாது. கூட்டுத்திறமை என்பது இருவரிடமும் தனித்தனியே சேமித்து வைக்கத்தக்க பொருளன்று. இடைவிடாத கூட்டுழைப்பில் மட்டுமே அது உயிர் வாழும்.

அதே 1995ஆம் ஆண்டின் இறுதியில் மேலை உலகிலும் இத்தகைய இணைவு ஒன்று நடந்தது. 1970இல் பிரிந்துபோன 'பீட்டில்ஸ்' குழுவினருள் எஞ்சிய மூவரும், 1980இல் கொல்லப்பட்ட ஜான் லெனனின் பழைய ஒலிநாடாவைக் கொண்டு புதுப்பாடல் ஒன்றை வெளியிட்டனர். அக்குழுவின் சுவைஞரும் லெனன் பெரியவரா, பால் மெக்கார்ட்னி பெரியவரா என்று வாதிட்டுக்கொண்டே இருப்பவர்கள்தாம். அவ்விருவரோ குழுவுக்கென எழுதிய பாடல்களை, எவர் எழுதியதாயினும், இருவர் பெயரிலுமே வெளியிட்டு வந்தனர். சுவைஞர் பிரிக்க விரும்பியதைக் கலைஞர் சேர்த்தே வைத்திருந்தனர் என்பது இரு நாட்டுக்கும் பொதுவான உண்மையாக இருக்கிறது.

ஒரு வேறுபாடும் கருதத்தக்கது. அங்கே இறந்தவரின் குரலை இயந்திரம் கொண்டுவந்து சேர்த்தது. இங்கே அறுபத்தைந்தைக் கடந்த ஒருவரும் எழுபதைக் கடந்த ஒருவரும் உயிரோடு ஒரே கூடத்துக்குள் வந்து அமர்ந்தனர். நம் நாட்டு அல்லிகேட்ஸ் குழுவுக்கு அந்தப் பேறும் கிட்டவில்லை. லோகநாதன் 2007இல் நோயால் மறைந்தார். அண்ணன் டேவிட் அதே குழுப்பெயரோடு தொடர்ந்து மேடையேறினார். பிரிவைச் செய்தது காலனாயின், இணைவு என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்நோக்கில் 1995ஆம் ஆண்டின் இணைவைத் தோல்வி என்று ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. இசையாக அது சிறியது. பண்பாக அது பெரியது. முப்பதாண்டு தனித்து நின்று பெரும்புகழ் பெற்ற ஒருவர், தம் பெயருக்குப் பின்னே பழைய தோழரின் பெயரை மீண்டும் எழுத இசைந்தார். தனித்து நின்று குறைந்த வாய்ப்பே பெற்ற ஒருவர், மனத்தாங்கலை விடுத்து மீண்டும் வில்லெடுக்க இசைந்தார். 2012ஆம் ஆண்டு தமிழக முதலமைச்சராயிருந்த ஜெ. ஜெயலலிதா 'திரையிசைச் சக்கரவர்த்தி' என்னும் பட்டத்தை இருவருக்கும் வழங்கியபோது, இருவரும் அதைப் பெற உயிரோடு இருந்தனர். அடுத்த ஆண்டு ஏப்ரலில் இராமமூர்த்தி மறைந்தார். 2015ஆம் ஆண்டு சூலையில் விசுவநாதனும் மறைந்தார்.

முடிபு

பட்டிமன்றம் நம் சமுதாயத்துக்கு இனியதொரு கலை. ஆயினும் அது இருபக்கமும் பேசிய பின் ஒரு பக்கத்துக்குத் தீர்ப்பு வழங்கியே ஆகவேண்டிய கட்டுப்பாடு உடையது. திறனாய்வுக்கு அக்கட்டுப்பாடு இல்லை. கேள்வியே பிழையானது என்று கூறும் உரிமை திறனாய்வாளனுக்கு உண்டு. ஒருவரை உயர்த்துவதற்கு மற்றவரைத் தாழ்த்தியாக வேண்டும் என்ற மனப்பாங்கு நடிகர் இருவரைப் பற்றிய பேச்சில் தொடங்கிப் புலவர் இருவரைப் பற்றிய கட்டுரை வரை நம்மிடையே பரவியிருக்கிறது. கம்பரா இளங்கோவா என்று மாணவரிடம் வினவி, ஒரு பெயரை விடையாகப் பெற்று அமைதியடையும் வகுப்பறையும் இதற்கு விலக்கன்று. அவ்விடை மாணவனின் விருப்பத்தைக் காட்டலாம். அவன் நூலைப் பயின்றான் என்பதைக் காட்டாது.

மாணவரிடம் கேட்கத்தக்க கேள்வி வேறு. இப்பாடலில் சொல்லும் மெட்டும் எங்கே பொருந்துகின்றன? இடையிசை கதைமாந்தரின் எந்த உணர்வைச் சொல்கிறது? இதைச் செவியால் கேட்டு, சொல்லால் விளக்கக் கற்ற மாணவன், நாளை கலம்பகத்தையும் காப்பியத்தையும் அவ்வாறே அணுகுவான்.

பிரிக்பீல்ட்ஸின் மாலைநேர வழக்கு இனியும் நடக்கட்டும். அது அன்பினால் எழும் வழக்கு. ஆனால் பாடல் ஒலிக்கும் அந்த மூன்று நிமிடங்களேனும் இரு கட்சியினரும் பேச்சை நிறுத்திக் கேட்பாராயின், வில்லையும் மெட்டையும் வெவ்வேறாகக் கேட்க முடியாதென்பதை அவர்தம் செவியே அவர்களுக்கு உணர்த்தும்.